கூடும், கபூலாகுமா?

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் ஒவ்வொரு தாளிலும் ஐந்து வக்துத் தொழுகைக்கும் நேரம் அச்சிட்டிருக்கும். காலையில் கிழித்துக் கசக்கி எறிவோம். என் தாய்மாமா மட்டும் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ராத்திரி படுக்கும் முன் பையிலிருப்பதை எடுத்துச் சீட்டுக்கட்டு எண்ணுவதுபோல எண்ணுவார். இருபத்திரண்டு. முப்பத்தொன்று. அப்புறம் ஒருநாள் பை காலியாக இருக்கும்.

மாமா லாரி ஓட்டியவர். நெல் லோடு ஏற்றிக்கொண்டு போனால் நான்கு நாள், ஐந்து நாள் கழித்துத்தான் வருவார். குடிப்பார். ஊருக்குள் குடித்துவிட்டு விழுந்து கிடந்ததில்லை. ஆனால் ஊருக்குத் தெரியும். ஒரு ரமலானுக்குப் பிறகு அவர் ஜும்ஆவுக்குக்கூட வராமல் போக, அம்மா என்னை அனுப்பினார்.

"நாப்பது நாள் தொழுகை கபூலாகாதாம் மாப்ளே. பயான்ல சொன்னாங்க. முப்பத்தொண்ணு போயிருச்சு. இன்னும் ஒம்பது நாள்தான். முடிஞ்சதும் சுத்தமா குளிச்சிட்டு வந்துர்றேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டாவது நாள் எங்கேயோ ஒரு சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் லாரி நின்றது, மாமா மறுபடி குடித்தார், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த ஒரு வருஷமும் அவர் நெற்றி தரையில் படவில்லை. குடித்ததால் தொழாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தொழுகைக்குப் பயந்து தொழாமல் போனவர் இவர் ஒருவர்தான்.

எனக்கும் அந்தக் காலத்தில் கபூல் பற்றி ஒரு கேள்வி இருந்தது. நான் குடிப்பதில்லை. ஐந்து வக்தும் ஜமாஅத்தோடு தொழுகிறவன், முதல் வரிசைக்காரன். நான்கு வருஷமாக மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்று தஹஜ்ஜுதில் எழுந்து கையேந்திக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வருவார்கள், சமோசா சாப்பிடுவார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். ஏதாவது ஒரு பாவம் நடுவே நின்று தடுக்கிறதோ என்று ஒரு நப்பாசை, ஆமாம், நப்பாசைதான். காரணம் தெரிந்தால் சரிசெய்துவிடலாமே. ஆக மாமாவின் சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு ஹஸ்ரத்திடம் போனபோது என்னுடையதையும் அதற்குள் மறைத்து எடுத்துப் போனேன்.

ஹஸ்ரத் வேலூர் பாக்கியாத் மதரஸாவில் ஓதியவர். அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். மாமாவின் கணக்கைக் கேட்டுவிட்டு, "பயானைப் பாதி கேட்டா இப்படித்தான் தம்பி" என்றார்.

மது அருந்தியவனின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்ற ஹதீஸ் இப்னு உமர் (ரலி) வழியாகத் திர்மிதியில் இருக்கிறது. அதே மூச்சில், அவன் வருந்தித் திருந்தி தவ்பா செய்தால் அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்கிறான் என்ற பகுதியும் இருக்கிறது. மறுபடி குடித்தால் மறுபடி நாற்பது, மறுபடி தவ்பா செய்தால் மறுபடி மன்னிப்பு. நான்காம் முறைக்கு அறிவிப்பின் குரல் மிகவும் கடுமையாகிவிடுகிறது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் உயிர் தொண்டைக்குழிக்கு வரும்வரை தவ்பாவின் வாசல் சாத்தப்படுவதில்லை என்பதும் அதே திர்மிதியில்தான் வருகிறது. நாற்பது நாள் என்பது காத்திருக்கச் சொன்ன தவணை அல்ல என்பதை மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. முதல் நாளே ஒரு தவ்பாவில் முடித்திருக்க வேண்டிய கணக்கை அவர் தாள் தாளாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாற்பதும் உண்டு. குறி சொல்பவனிடம் போய் ஒன்றைப் பற்றிக் கேட்டவனின் தொழுகை நாற்பது இரவுகள் ஏற்கப்படாது என்பது முஸ்லிம் நூலில் உள்ள ஹதீஸ். எங்கள் தெருவில் நகை காணாமல் போனால் போலீஸுக்குப் போகும் முன்னால் மை போட்டுப் பார்க்கிறவரிடம் போகிறார்கள். அம்மாவே ஒரு தடவை வளையலுக்காகப் போயிருக்கிறார். திரும்பி வந்து ஒளுச் செய்து லுஹர் தொழுதார். நீ நாற்பது நாள் தொழாதே என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை, அம்மாவும் தாள் எண்ணவில்லை. ஒரே நாற்பதுதான். குடிகாரன் தலையில் மட்டும் அது இடியாக இறங்கியது.

தமிழ் முஸ்லிம்களிடம் ஒரு சொல்வழக்கு இருக்கிறது. ஒளு இல்லாமல் தொழுதால் தொழுகை 'கூடாது' என்போம். வெளியாள் கேட்டால், அப்படித் தொழக் கூடாது என்று தடை சொல்வதாக நினைப்பார். நாங்கள் சொல்வது வேறு. அது தொழுகையாகக் கூடிவரவில்லை, செல்லாது, திரும்பத் தொழ வேண்டும். ஒளுவும் கிப்லாவும் நேரமும் ருகூவும் சுஜூதும் முறையாக இருந்துவிட்டால் தொழுகை 'கூடும்'. கடமை தலையிலிருந்து இறங்கியது. இதைப் பக்கத்தில் நிற்பவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். கபூல் என்பது இன்னொன்று. ஏற்றுக்கொள்ளுதல். அது அந்தப் பக்கத்தில் நடப்பது. இங்கிருந்து யாருக்கும் தெரியாது.

மாமாவின் தவறு எண்ணிக்கையில் இல்லை, சொல்லில் இருந்தது. கபூலாகாது என்றதைக் கூடாது என்று கேட்டார். கூடாது என்றதைத் தொழாதே என்று எடுத்துக்கொண்டார். இரண்டு படி சறுக்கிப் பள்ளிவாசலுக்கு வெளியே போய் விழுந்தார்.

இந்த இரண்டையும் பிரித்துக்காட்டுவதில் ஹஸ்ரத் துணைக்கு அழைத்தது இமாம் நவவியை. சிரியாவின் தெற்கே நவா என்ற ஊரில் 1233இல் பிறந்து, திமிஷ்கில் ஓதி, ஓதிக்கொடுத்து, 1277இல் 45 வயதைத் தொடாமலே இறந்துபோனவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அவர் எழுதிவைத்ததை இன்றைக்கும் ஓதி முடித்தபாடில்லை. குறிகாரனிடம் போனவனைப் பற்றிய ஹதீஸுக்கு விளக்கம் எழுதும்போது அவர் சொல்கிறார்: அந்த நாற்பது நாளும் அவன் தொழுதே ஆக வேண்டும். தொழுதால் கடமை நிறைவேறும், களாவாகத் திரும்பத் தொழத் தேவையில்லை. அதற்கு நன்மை எழுதப்படாது, அவ்வளவுதான்.

இதுவரை ஹஸ்ரத் சொன்னது மாமாவுக்கு. அடுத்து அவர் சொன்னது எனக்கு என்று அவருக்கே தெரியாது. "இதுக்கு உதாரணமா இமாம் ஒண்ணு சொல்றாங்க. அபகரிச்ச நிலத்துல தொழுற தொழுகை மாதிரின்னு. கூடும். ஆனா நன்மை கிடையாது." இமாம் அஹ்மதின் மத்ஹபில் பிரபலமான கருத்துப்படி அப்படிப்பட்ட இடத்தில் தொழுகை கூடவே கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு மாமாவைக் கூட்டிவரச் சொன்னார். நான் எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

வீடு என்றால், அத்தாவின் மனையில் நான் கட்டிய மாடி வீடு.

அத்தா இறந்து அப்போது பதினோரு வருஷம். விட்டுப் போனது இந்த மனையும், ஊருக்கு வெளியே மூன்று மா நஞ்சையும். வாரிசு அம்மா, நான், என் அக்கா லாத்தா. குர்ஆன் இதில் யாருக்கும் சந்தேகம் வைக்கவில்லை. சொத்தை 24 பங்காக்கினால் அம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 3. மீதி 21இல் எனக்கு 14, லாத்தாவுக்கு 7. தொழுகைக்கு எத்தனை ரக்அத் என்று குர்ஆனில் எண் கிடையாது, நபி வழியிலிருந்துதான் தெரிந்துகொண்டோம். பங்குக்குப் பின்னம் பின்னமாக எண் இருக்கிறது. அந்த வசனங்கள் முடிந்த கையோடு, இவை அல்லாஹ்வின் எல்லைகள், மீறுகிறவனுக்கு நெருப்பு என்ற எச்சரிக்கையும் வருகிறது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து இரண்டு வாரத்தில் லாத்தாவை சப்-ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். கல்யாணத்தில் 25 பவுன் போட்டோம், சீர் செய்தோம், பெருநாளைக்குப் பெருநாள் செய்கிறோம், இனி என்ன பங்கு என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் உரக்கச் சொல்லத் தேவையில்லாத சட்டம். நான் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. "கையெழுத்துப் போடுங்க லாத்தா" என்றேன். போட்டார். ரேகை வைக்கச் சொன்னார்கள், வைத்தார். வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன்.

பத்திரத்தில் ஒரு குறையும் கிடையாது. எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்காது. ஹஸ்ரத்தின் வார்த்தையில் சொன்னால், கூடும். ஒரு முஸ்லிமின் பொருள் அவர் மனமுவந்து கொடுத்தாலன்றி இன்னொருவருக்கு ஹலாலாகாது என்று நபிமொழி இருக்கிறது. லாத்தா மனமுவந்தாரா? அதைக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகத்தான் அவ்வளவு வேகம்.

பெரும்பாவம் என்றதும் எங்கள் கண்ணுக்கு முன்னால் வருவது ஒரு பாட்டில். அழித்தொழிக்கும் ஏழு பாவங்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் பட்டியலில் இணைவைத்தல், சூனியம், கொலை, வட்டி, அநாதையின் சொத்தைத் தின்பது, போர்க்களத்தில் புறமுதுகிடுவது, ஒழுக்கமான பெண்கள்மீது பழி சுமத்துவது ஆகியவை இருக்கின்றன. மது அதில் இல்லை. அது பெரும்பாவம்தான், வேறு இடங்களில் வருகிறது, தஹபியின் பெயரால் வழங்கும் பெரும்பாவங்கள் நூலிலும் இருக்கிறது. ஆனால் ஏழில் இரண்டு நேரடியாகப் பணம் பற்றியவை என்பது எங்கள் மேடைகளில் எத்தனை தடவை ஒலித்திருக்கிறது? குடியைப் பற்றிய பயான் சுலபம். குடிக்கிறவன் பெரும்பாலும் பள்ளிவாசலுக்கு வெளியே இருப்பான். பங்கைத் தின்றவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான். சந்தாவும் கொடுத்திருப்பான்.

துஆ தடுக்கப்படுவதைப் பற்றிய ஹதீஸ்களில் மிகத் துலக்கமான சித்திரமும் பணத்தைப் பற்றியதுதான். நவவி தொகுத்த நாற்பதில் பத்தாவது. நெடும்பயணம் செய்த ஒருவன், பரட்டைத் தலை, மேலெல்லாம் புழுதி, வானத்தை நோக்கிக் கையை உயர்த்தி இறைவா இறைவா என்கிறான். அவன் உண்டது ஹராம், குடித்தது ஹராம், உடுத்தியது ஹராம். அவனுக்கு எப்படிப் பதில் கிடைக்கும் என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். துஆ ஏற்கப்படுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த மனிதனிடம் இருக்கின்றன. பயணியின் துஆவுக்கு மதிப்பு உண்டு, எளிய கோலத்துக்கு உண்டு, ஏந்திய கைக்கு உண்டு, விடாமல் அழைப்பதற்கு உண்டு. வயிற்றுக்குள் இருப்பது மட்டும் இடிக்கிறது. என் தஹஜ்ஜுதையும் இப்படி ஒருவர் தூரத்திலிருந்து பார்த்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்.

அந்த ஹதீஸ் கேள்வியோடு முடிவதை 14ஆம் நூற்றாண்டில் இப்னு ரஜப் கவனித்திருக்கிறார். கிடைக்காது என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை, எப்படிக் கிடைக்கும் என்று வியப்பாகத்தான் கேட்கப்பட்டிருக்கிறது, அதனால் அடியோடு கிடைக்காது என்று ஆகிவிடாது என்பது அவர் விளக்கம். அந்த மெல்லிய இடைவெளி பற்றி மாமாவிடம் போய்ச் சொல்லலாம் என்று தோன்றியது. நான் அதில் ஒதுங்கிக்கொள்ளலாமா என்று தோன்றவில்லை.

மாமா காரிஜிகளைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. பெரும்பாவம் செய்தவன் இஸ்லாத்தைவிட்டே போய்விட்டான் என்று அவர்கள் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் வாள் உருவினார்கள். பஸ்ராவில் ஹசன் பஸரியின் வகுப்பில் இதே கேள்வி எழுந்தபோது, அவன் முஃமினும் இல்லை காஃபிரும் இல்லை, இரண்டுக்கும் நடுவே என்று சொல்லிவிட்டு வாஸில் இப்னு அதா எழுந்து வேறொரு தூணருகே போய் உட்கார்ந்தார் என்றும், முஃதஸிலாக்களின் கதை அங்கே தொடங்கியது என்றும் நூல்கள் சொல்கின்றன. சுன்னத் வல் ஜமாஅத் இரண்டையும் ஏற்கவில்லை. பாவி பாவிதான், ஆனாலும் வரிசையில் அவனுக்கு இடம் உண்டு என்றது. இந்தச் சண்டை பற்றி ஒன்றும் தெரியாமலே, தன் விஷயத்தில் மட்டும் மாமா ஒரு காரிஜியாக இருந்தார். தன்னைத் தானே வெளியேற்றிக்கொண்டார்.

மதீனாவில் ஒருவர் இருந்தார். பெயர் அப்துல்லாஹ், கழுதை என்று பட்டப்பெயர். நபிகளைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டனை வாங்கியவர், மறுபடி குடித்து மறுபடி கொண்டுவரப்பட்டார். எத்தனை தடவைதான் இவனைக் கொண்டுவருவது என்று ஒருவர் சபித்தார். நபிகள் தடுத்தார்கள். அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்பது தமக்குத் தெரியும் என்றார்கள். புகாரியில் இருக்கிறது. அடி நிறுத்தப்படவில்லை, சாபம் நிறுத்தப்பட்டது. மாமாவை ஹஸ்ரத்திடம் கூட்டிப்போன அன்று இதைக் கேட்டதும் மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அவரு பேரு கழுதையா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

வீட்டு வாசலில் ஓடும் ஆற்றில் தினம் ஐந்து முறை குளிப்பவன் உடம்பில் அழுக்குத் தங்குமா என்று கேட்டு, ஐந்து நேரத் தொழுகை அப்படித்தான் என்று நபிகள் சொன்னதை எல்லோரும் கேட்டிருப்போம். அழுக்காக இருக்கிறேன், அதனால் ஆற்றுப் பக்கம் வரமாட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவனை என்ன செய்வது? தொழுகை கழுவுவது சிறுபாவங்களை, பெரியதற்குத் தவ்பா வேண்டும் என்று அறிஞர்கள் வரையறுக்கிறார்கள். சரிதான், முஸ்லிமின் இன்னொரு ஹதீஸ் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பாவம் செய்தவனுக்குக் காட்டப்பட்ட வழியும் ஒளுச் செய்து இரண்டு ரக்அத் தொழுது மன்னிப்புக் கேட்பதாகத்தான் இருக்கிறது. நபிகளே ஸலாம் கொடுத்து முடித்ததும் மூன்று முறை இஸ்திக்ஃபார் சொல்வார்கள். பாவத்தை முடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பது புரிகிறது. தொழுகையை முடித்துவிட்டு?

இதையெல்லாம் ஹஸ்ரத்தின் வாயால் மாமா கேட்டார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். "அப்போ அந்த நாப்பது நாளும் கூலி இல்லாத வேலையா அசரத்து?" ஹஸ்ரத் தலையாட்டினார். மாமா சிரித்தார். "கூலி வாங்காம எத்தனை லோடு அடிச்சிருக்கேன். இது என்ன." அன்றைக்கு மஃரிபுக்கு நின்றார். குடி அன்றே நிற்கவில்லை. போதையில் இருந்த ராத்திரிகளில் வரமாட்டார், என்ன ஓதுகிறோம் என்று தெரியாத நிலையில் தொழுகையை நெருங்காதே என்று குர்ஆனே சொல்கிறது, அந்த அளவு அவருக்குத் தெரியும். தெளிந்த காலைகளில் சுபுஹுக்குக் கடைசி வரிசையில், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பார். நாட்காட்டித் தாளை எங்களைப் போலக் கசக்கி எறிய ஆரம்பித்தார்.

ஊர் இதைப் பாராட்டியது. ஏற்பாடு செய்தவன் என்று என்னையும் பாராட்டியது.

அந்த வருஷக் கடைசியில் மகளுக்கு இடம் அமைந்தது. நல்ல பையன், வரதட்சணை கேட்கவில்லை. இங்கே நான் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டேன். லாத்தாவின் பங்கை இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்காமலே துஆவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்படியானால் தடுத்தது அந்தப் பாவம் இல்லையா? அல்லது அது பாவமே இல்லையா? மனசு எவ்வளவு சாமர்த்தியமான வக்கீல் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த ஸுஃப்யான் இப்னு உயைனா ஒரு கருத்துச் சொன்னதாக வருகிறது. உன்னைப் பற்றி உனக்குத் தெரிந்தது எதுவும் நீ துஆ கேட்பதைத் தடுக்க வேண்டாம், படைப்புகளிலேயே மோசமான இப்லீஸ் கேட்டதையே அல்லாஹ் கொடுத்தானே என்பது அதன் சாரம். மறுமை நாள்வரை அவகாசம் கேட்டான், கிடைத்தது. ஹஸ்ரத் இதை மாமாவுக்குச் சொன்னபோது நம்பிக்கை தரும் வார்த்தையாக இருந்தது. நிக்காஹ் பத்திரிகை அச்சாகி வந்த ராத்திரி எனக்கு அதே வார்த்தை நினைவுக்கு வந்து தூக்கம் போனது. கேட்டது கிடைத்துவிட்டது என்பது எனக்கு நற்சான்றிதழ் என்றால், முதல் சான்றிதழ் வாங்கியவன் இப்லீஸ். விட்டுப்பிடிப்பதைப் பற்றியும் குர்ஆன் பேசுகிறது. அவர்கள் அறியாத வழியில் படிப்படியாகப் பிடிப்போம் என்று.

மறுபக்கமும் அப்படித்தான். மதீனாவில் ஜன்னத்துல் பகீஉ மையவாடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. நபிகள் அங்கே தொழுது நீண்ட நேரம் துஆ செய்தார்கள். தம் சமூகம் பஞ்சத்தால் அழியக் கூடாது, வெள்ளத்தில் மூழ்கி அழியக் கூடாது, தங்களுக்குள் சண்டையிட்டுக்கொள்ளக் கூடாது என்று மூன்று கேட்டார்கள். இரண்டு கொடுக்கப்பட்டன. மூன்றாவது கொடுக்கப்படவில்லை. அந்த இடத்துக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் மஸ்ஜிதுல் இஜாபா, துஆ ஏற்கப்பட்ட பள்ளிவாசல். பாவமே இல்லாதவரின் துஆவில் ஒன்று அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. எந்த ஊர்க்காரனும், எந்தப் பாவத்தால் என்று கேட்டிருக்க மாட்டான். அப்புறம் எனக்குக் கிடைத்ததையும் மாமாவுக்குக் கிடைக்காததையும் வைத்து நான் யாருக்கு மார்க் போடுவது?

கபூல் என்ற சொல்லை வாயால் சொல்லக் கேட்கும் இடம் இந்த உலகத்தில் நிக்காஹ் மஜ்லிஸ் ஒன்றுதான். மருமகன் சத்தமாகவே சொன்னான். சாட்சிகள் கேட்டார்கள். மற்ற கபூல் எதற்கும் சாட்சி கிடையாது. பெண்கள் பக்கத்துத் திரைக்கு அப்பால் லாத்தா பிள்ளைகளை அதட்டும் குரல் கேட்டது. விருந்து வேலை முழுவதும் அவர் தலையில்தான் இருந்தது.

ஆதமின் இரண்டு பிள்ளைகளில் ஒருவனின் காணிக்கை ஏற்கப்பட்டது, மற்றவனுடையது ஏற்கப்படவில்லை என்று குர்ஆன் சொல்லும் இடத்திலும் இதே கபூலின் வேர்ச்சொல்தான். மனித குலத்தில் கபூலாகாத முதல் வழிபாடாக நாம் அறிந்தது உடன்பிறந்தவர்களுக்கு நடுவில் நடந்திருக்கிறது. ஏற்கப்படாதவன் தன் காணிக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை, கூடப்பிறந்தவனைப் பார்த்தான். அல்லாஹ் இறையச்சமுள்ளவர்களிடமிருந்துதான் ஏற்கிறான் என்று மற்றவன் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பாவி செய்யும் எதுவும் ஏற்கப்படாது என்று வாதித்தவர்கள் உண்டு. அந்தந்தச் செயலில் இறையச்சம் இருந்தால் போதும், ஒரு பாவமும் செய்யாதவனாக இருக்க வேண்டியதில்லை என்பது பெரும்பான்மையின் பதில். அந்தப் பதில் மட்டும் இல்லாவிட்டால் பள்ளிவாசலில் பாய் விரிக்கவே ஆள் இருக்காது.

தவ்பாவுக்கு நவவி எழுதும் நிபந்தனைகள் மூன்று: பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். பாவம் மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டதாக இருந்தால் நான்காவது ஒன்று, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாமாவுக்கு மூன்று போதும். எனக்கு நான்கு. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபிகள் சொன்ன எச்சரிக்கை ஒன்று உண்டு, அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சிக்கொள், அதற்கும் அல்லாஹ்வுக்கும் நடுவே திரை இல்லை என்று. இத்தனை வருஷம் என் துஆ மேலே போகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லாத்தா என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று யோசித்ததே இல்லை.

மகளை அனுப்பிய பிறகு நஞ்சையை விற்றேன். மனைக்கும் வீடில்லாமல் மனை மதிப்பாக ஊரில் இருவரை வைத்து விலை பேசி, எல்லாவற்றிலும் 24இல் 7 என்று போட்டுப் பார்த்தேன். நஞ்சை விற்ற பணத்தில் என் பங்கையும் சேர்த்தும் போதாமல் இன்னும் கொஞ்சம் கடன் வாங்க வேண்டியிருந்தது. வங்கி வரைவோலையை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் லாத்தா வீட்டுக்குப் போனேன். மச்சான் கடையில் இருந்தார்.

லாத்தா அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். ரெண்டு தடவை படித்தார். குர்ஆனுக்கு அடியில் வைக்கவில்லை, பீரோவிலும் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். தேத்தண்ணி போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"லாத்தா, என்மேல பதுஆ ஏதும் கேட்டீங்களா?"

"சேச்சே." கொஞ்ச நேரம் வரைவோலையின் ஓரத்தை நீவிவிட்டார். "கூடப்பொறந்தவன் மேல எப்படிப்பா வாய் வரும். பதுஆ கேக்கல." அப்புறம் சொன்னார். "ஆனா உனக்காக துஆவும் கேக்கல. புள்ளைங்களுக்குக் கேப்பேன், அம்மாவுக்குக் கேப்பேன், உன் மகளுக்குத் தினம் கேட்டேன். உன் பேரு வந்தா தாண்டிப் போயிருவேன். பன்னெண்டு வருஷமா."

மகளுக்குத் தினம் கேட்டேன் என்று அவர் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். லாத்தா ஒளுச் செய்ய எழுந்தார். போகும்போது கூடத்தில் எனக்கு ஒரு முசல்லாவை விரித்து, கிப்லா கொஞ்சம் இடது பக்கமாகத் திரும்ப வேண்டும் என்று ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார். அந்த வீடு மச்சான் மஸ்கட்டில் இருந்து சம்பாதித்து வாங்கிய மனையில் கட்டியது. அங்கே தொழுதேன்.